கீழ்த்தட்டுச் சிவப்பு

முதல் கிளாஸ் வந்துவிட்டது, மூக்கை உள்ளே விட்டாகிவிட்டது, கண்ணையும் மூடியாகிவிட்டது, இனி இழுக்கவேண்டியதுதான், இழுத்தேன், காற்று. வெறும் காற்று. கொஞ்சம் குளிர்ந்த காற்று, பிரிட்ஜைத் திறந்து மூடினால் வருகிற காற்று, இதற்கு எதற்குக் கண்ணை மூடவேண்டும், ஆனால் மூடத்தான் வேண்டும், எதிரே வேங்கடம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அம்பயரின் விரல் மேலே போகுமா போகாதா என்று நிற்கிற பேட்ஸ்மேன் மாதிரி. அவனுக்குப் பக்கத்தில் மகள் வைதேகி, கல்யாணப் பெண், என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள், சின்ன வயதிலிருந்தே என்னைக் கண்டால் அவளுக்கு வாய் கோணிவிடும். மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரப் பையன், சாது, வடையைக்கூடக் கத்தியால் வெட்டிச் சாப்பிடுகிறவன், தொல்லை அவனில்லை, அவனுடைய அப்பா. சம்பந்தி திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்த மனிதராம், ஒரு வாய் குடித்துவிட்டு எந்தச் சரிவு, எந்தப் பக்கத்து வெயில் என்று சொல்லிவிடுவாராம், இதை என்னிடம் சொன்னபோதே வேங்கடத்தின் குரல் இறங்கிவிட்டது. "பெரிய ஒயின் வாங்க நம்மால ஆவாதுண்ணே. சூப்பர் மார்க்கெட்டு ஒயின்தான். ஆனா அந்தாளு மூஞ்சி சுளிச்சிடக் கூடாது, எம்பொண்ணு அந்த வூட்டுல வாழணும். நீங்கதாண்ணே மூக்கு." நான்தான் மூக்கு. பாரீஸுக்கு வடக்கே இந்த அடுக்குமாடிகளில் வந்து குடியேறிய பாண்டிச்சேரிக்காரர்கள் வீட்டில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் பிள்ளைகளுக்குச் சர்ச்சில் புதுநன்மையானாலும் சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுப்பது சந்தியாகு அண்ணன்தான், முப்பது வருஷமாக அதுதான் வழக்கம். அந்த மூக்கு போன குளிர்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டது என்பது இந்த அறையில் எனக்குத் தெரியும், இதோ என் வலப்பக்கம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிலோமினாவுக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

வாயில் ஊற்றிக்கொண்டேன். ஈரம். நாக்கின் ஓரத்தில் ஏதோ சுருங்குகிறது, துவர்ப்பு, ஆனால் துவர்ப்பு என்பது ருசியே இல்லை, தொடுதல், ரம்பம் போட்ட பலகையைக் கை தொட்டால் சொரசொரப்பு தெரிவதுபோல நாக்குக்குத் தெரிகிறது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருந்தாலும் நன்றி, நாக்கே, நீ இன்னும் அங்கே இருக்கிறாய் என்றாவது சொல்கிறாயே. நான் குறை சொல்கிற ஆள் இல்லை. காய்ச்சலில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த வெள்ளைக்காரக் கிழவர், காலையில் எனக்குக் கையசைப்பார், மாலையில் கையசைப்பார், ஒருநாள் காலையில் கையசைக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சுங்கத்தில் ஒரு பெட்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஆளை விடுவதில்லையா, அதுபோல, ஆண்டவர் மூக்கை வாங்கிக்கொண்டு போடா என்று விட்டுவிட்டார், மலிவான பேரம், அதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன், தினமும் கூடவே, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் நல்லது என்றும் சொல்லிவைக்கிறேன். டாக்டர் அம்மாள் கையை விரித்துக் காட்டினாள், வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். அந்த மூன்றாவதை அவள் சொன்னபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிலோமியிடம் நான் இரண்டைத்தான் சொன்னேன். மூக்கும் அதோடு ருசியும் போனதையே அவளிடம் சொல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டினேன், மீன் குழம்பு பிரமாதம், ரசம் பிரமாதம், அவளும் தலையாட்டிக்கொண்டே பரிமாறினாள், ஒருநாள் சாம்பாரை நான் வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு உப்பு கணக்காக விழுந்திருக்கிறது என்று சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்தாள். "நாலு நாளா நான் எதுலயுமே உப்பு போடல" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு என் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், நான் சாகசக் கதை ஒன்றை ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது, என் வாழ்க்கையில் பாதியில் நின்ற முதல் கதை.

"ம்" என்கிறேன் வேங்கடத்திடம். ம் என்பது நல்ல சொல், எதுவும் சொல்லாத சொல், சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற சொல். "ம்-னா நல்ல ம்-ஆ, கெட்ட ம்-ஆ?" என்கிறாள் வைதேகி. "ஒயின் இன்னும் தூக்கத்துல இருக்குது கண்ணு, எழுந்திரிக்கட்டும்." சிரிக்கிறாள். அப்பாடா. அதற்குள் மேஜைக்கு அடியில் பிலோமியின் கால் என் காலைத் தேடிக்கொண்டிருக்கிறது, இதுதான் எங்கள் ஏற்பாடு, பஸ்ஸில் வரும்போது பேசிவைத்தது, அவள் குடிக்க மாட்டாள், ஆனால் மரியாதைக்கு ஒரு கிளாஸ் கையில் வைத்துக்கொள்வாள், மோந்து பார்ப்பாள், நன்றாக இருந்தால் என் காலை ஒரு அமுக்கு, மோசமாக இருந்தால் இரண்டு அமுக்கு. "நான் என்னாத்தக் கண்டேன் ஒயினப் பத்தி" என்றாள் பஸ்ஸில். "மீன் வாங்குறப்ப செவுளத் தூக்கி மோந்து பாக்குறல்ல, அப்பிடிப் பாரு" என்றேன். "அப்போ அது செத்து எத்தினி நாளாச்சின்னு சொல்லிடுவேன்" என்றாள். எனக்குக் கல்யாணமானது இந்தப் பெண்ணோடு, எனக்கு என்ன குறை. இரண்டு அமுக்கு. முதல் ஒயின் போயிற்று. "இது வேணாம்" என்றேன் உரக்க, "இது சோறு திங்கத் தெரியாத ஒயின், தனியாக் குடிக்கிறவனுக்கு ஆவும், பந்திக்கு ஆவாது." வேங்கடம் மரியாதையோடு அந்தப் பாட்டிலை ஓரமாக நகர்த்தினான். லேபிள் தெரியக்கூடாதென்று ஐந்து பாட்டிலுக்கும் கால்பந்துச் சாக்ஸ் மாட்டிவைத்திருக்கிறான், ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன் பெஞ்சில் போய் உட்கார்ந்ததுபோல அது ஓரமாக நிற்கிறது.

இரண்டாவது ஊற்றுகிறான், சத்தத்தைக் கேட்கிறேன், இப்போதெல்லாம் காதுதான் எனக்கு எல்லாமும், அடுப்படியில் வேங்கடத்தின் மனைவி குமுதா வடை போடுகிறாள், எண்ணெயில் வடை விழுகிற சத்தம், திரும்புகிற சத்தம், வெந்ததும் அந்தச் சத்தம் மெலிந்துவிடும், இது மூக்கு இருந்த காலத்தில் எனக்குத் தெரியாத சங்கதி, காய்ச்சலுக்குத்தான் இதற்கும் நன்றி. நிறத்தைப் பார்க்கிறேன். கண் இருக்கிறதே. கிளாஸைச் சாய்த்து மேஜை விரிப்பின் வெள்ளைக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம், இளசு, போன வருஷத்து அறுப்பு. கீழ்த்தட்டு ஒயின் எல்லாமே இளசுதான், அதை அவர்கள் வயதாக விடுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் அடுக்குகிற முறை உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, கண்ணுக்கு நேராகப் பணக்காரன் பாட்டில், இடுப்புக்கு நேராக மாதச் சம்பளக்காரன் பாட்டில், முழங்காலுக்குக் கீழே நம்முடையது, நாம் குனிந்துதான் எடுக்கவேண்டும், கோயிலில் கும்பிடுகிற மாதிரி. நான் முப்பது வருஷமாகக் கும்பிடுகிறேன். கும்பிட்டுக் கும்பிட்டு எனக்கென்று சில சட்டங்கள் வைத்திருக்கிறேன், லேபிளில் கோட்டைப் படம் பெரிதாக வரைந்திருந்தால் எடுக்கக் கூடாது, படம் வரைகிறவனுக்குக் காசு போயிருக்கிறது என்று அர்த்தம், தங்க மெடல் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்க்கவேண்டும், பாட்டிலின் அடியில் பள்ளம் ஆழமாக இருந்தால் சந்தோஷப்படக் கூடாது, பள்ளத்தில் ஒயின் இல்லை. தூசி படிந்த பாட்டிலைவிடத் தூசி படியாத பாட்டில் மேல், ஜனங்கள் எடுக்கிறார்கள், ஜனங்களுக்குத் தெரியும். இதெல்லாம் எங்கே கற்றேன் என்று கேட்கிறவர்களுக்கு நான் தெற்கே ஒரு பிரபுவின் நிலவறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்வேன், ஒருமுறை பிரபு மறந்துபோய் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேட்டைக்குப் போய்விட்டார், திரும்பி வரும்வரை ஒயினிலேயே குளித்து ஒயினிலேயே பல்தேய்த்து உயிர்வாழ்ந்தேன், வெளியே வந்தபோது என் நிழல் சிவப்பாக விழுந்தது. நான் பார்த்த வேலை லாரி ஓட்டுவது. பின்னால் பெட்டி பெட்டியாகத் தயிர் இருந்தது.

ஒரு அமுக்கு. நன்றாக, நிதானமாக ஒரு அமுக்கு. திரும்பிப் பார்த்தேன், பிலோமி கிளாஸை மூக்குக்குக் கீழே வைத்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகத்தில் ஒரு மென்மை, எதை மோந்தாள், பழமா, மண்ணா, யாருடைய வீடு ஞாபகத்துக்கு வந்தது, கேட்க முடியவில்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது, இத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் போய்விட்ட இடத்துக்கு எனக்கு டிக்கெட் இல்லை. "இது நல்ல பிள்ள" என்றேன் வேங்கடத்திடம். "இத வச்சிக்க." அவன் முகம் விரிந்தது. வாசனை போனால் என்னென்ன போகும் என்று முன்னால் யாரும் சொல்லவில்லை. பால் பொங்கிக் கரிந்து பாத்திரம் கறுத்து நான் பக்கத்து அறையில் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், பிலோமி கடையிலிருந்து ஓடிவந்தாள், அன்றிலிருந்து அவள் வெளியே போகும்போது அடுப்புக் குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள், காவல் இல்லை, கவலை, எனக்குத் தெரியும். கேஸ் கசிந்தால், நான் தூங்கிக்கொண்டிருந்தால், அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தால், வேண்டாம் அந்தப் பக்கம் போகவேண்டாம். அவள் தலையில் தேய்க்கிற எண்ணெய், அதில் என்ன வாசனை, தேங்காய் என்று சொல்லத் தெரிகிறது, தேங்காய் என்கிற சொல் இருக்கிறது, சொல்லை முகர்ந்து பார்க்க முடியுமா. இராத்திரி எத்தனையோ முறை முயன்றுவிட்டேன், தேங்காய், தேங்காய் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, சொல் வருகிறது, நிறம் வருகிறது, ஓடு உடைகிற சத்தம்கூட வருகிறது, அது வருவதில்லை. அப்படியானால் என் மண்டைக்குள் இத்தனை காலம் வாசனைகள் இருந்தனவா, வாசனைகளின் பெயர்கள்தான் இருந்தனவா. பெயர்களை வைத்துக்கொண்டு கிழவன் எவ்வளவு தூரம் போவான்.

மூன்றாவது. மூக்கு, கண்மூடல், இழுப்பு, காற்று. கால் எங்கே. காத்திருந்தேன். ஒரு அமுக்கு, அப்பாடா, உடனே இன்னொன்று, ஐயோ, உடனே மூன்றாவது. மூன்றுக்கு நாங்கள் ஒன்றும் பேசிவைக்கவில்லையே. மூன்று என்றால் என்ன, மகா மோசமா, மகா உன்னதமா, ஒன்றை மூன்று முறையா, இரண்டும் ஒன்றுமா, நன்றாக ஆரம்பித்து மோசமாக முடிகிறதா, அப்படியும் ஒயின் உண்டு, ஆனால் பிலோமி அவ்வளவு நுட்பமாகப் போகிறவள் இல்லை. வேங்கடம் பார்க்கிறான். வைதேகி பார்க்கிறாள். நான் கிளாஸைச் சுழற்றுகிறேன், இன்னும் சுழற்றுகிறேன், ஒயினுக்கே தலைசுற்றி இருக்கும். "இன்னாண்ணே, இவ்ளோ நேரம்?" "இது கொஞ்சம் விவகாரம் புடிச்ச ஒயினு, வேங்கடம். மூணு பேரு சேந்து பேசுற மாதிரி இருக்குது, யாரு பேசுறதக் கேக்குறதுன்னு தெரியல." வேங்கடம் தலையாட்டினான், அவனும் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, மூணு பேரு" என்றான். கடவுளே. அவன் நம்புகிறான், நான் எதைச் சொன்னாலும் அவன் நாக்கு அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. பிலோமி குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "முட்டி புடிச்சிக்கிச்சி, அதான்" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி முணுமுணுத்தாள். மூன்று பேரும் ஒரு முட்டிதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கினேன், கண்ணில் நீர் வந்தது, வேங்கடம் அதையும் பார்த்தான், ஒயின் அண்ணனை அழவைத்துவிட்டது என்று நினைத்திருப்பான். இவன் சம்பந்தி முன்னால் இளிச்சவாயனாக நிற்கப்போகிறான், என்னால். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த மனிதர் கிளாஸைத் தூக்குவார், மூக்கை விடுவார், மெதுவாகக் கீழே வைப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், நல்ல மனிதர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் கொல்லும். வைதேகி அதைப் பார்ப்பாள்.

"பெரியப்பா, இன்னிக்கு ஏன் கதையே இல்ல?" இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். நாலாவதை ஊற்றிக்கொண்டே கேட்கிறாள். மூக்கு இருந்த காலத்தில் கதையை நான் தேடியதே இல்லை, கிளாஸுக்குள்ளிருந்து அது வரும், ஈரச் சாக்கு வாசனை ஒன்று வந்தால் போதும் துறைமுகம் வரும், துறைமுகம் வந்தால் கப்பல் வரும், கப்பலில் நான் ஏறிவிடுவேன், யார் தடுக்க முடியும். இப்போது வாசல் சாத்திக் கிடக்கிறது, பழைய சரக்கைத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது. "பாண்டிச்சேரி கடக்கரையில ஒரு பீப்பா ஒதுங்கிச்சி" என்று ஆரம்பித்தேன். "சிவப்பு ஒயின் பீப்பா. மூடி தெறிச்சி மணல்ல ஓடுது. காக்காயெல்லாம் வந்து குடிச்சிதுங்க." "குடிச்சிட்டு ரெண்டு ரெண்டா வரிசை கட்டி, கடற்கரை ரோட்டுல மார்ச் பண்ணிச்சி" என்றாள் வைதேகி. "போலீஸ்காரரு சல்யூட் அடிச்சாரு" என்றான் வேங்கடம். "அதுல ஒரு காக்கா மட்டும் வரிசைய விட்டு வெலகி வந்து உங்ககிட்ட நெருப்பு கேட்டுச்சி" என்று அடுப்படியிலிருந்து குமுதாவின் குரல். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு நல்ல மனிதர்கள், என் பொய்யை எனக்காக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள், ஆனால் கதை அவர்கள் வாயில் இருக்கிறது, என் வாயில் ஒன்றுமில்லை, நாலாவது ஒயின் என் வாய்க்குள் தண்ணீராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒருவேளை டாக்டர் அம்மாள் ஜன்னலைப் பார்த்துச் சொன்ன அந்த மூன்றாவதுதானோ, இப்படியே இருந்துவிடுமோ, சாகும்வரை காற்றையே முகர்ந்துகொண்டு, அடுத்தவர் முடிக்கிற கதையை ஆரம்பித்துக்கொண்டு. இரண்டு அமுக்கு. "வேணாம்" என்றேன். காரணம் சொல்லத் தோன்றவில்லை.

ஐந்தாவது வந்தது. நிறம் கொஞ்சம் செங்கல் பக்கம், கலங்கல், அதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை, களைத்துப்போயிருந்தேன், மூக்கை விட்டேன், கண்ணை மூடக்கூட மறந்துவிட்டேன், இழுத்தேன், யாரோ மூக்குக்குள் ஊசி குத்தினார்கள். முதலில் வலி என்றுதான் நினைத்தேன். சைனஸ், நரம்பு, பக்கவாதம், இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன், கையை நகர்த்திப் பார்த்தேன், நகர்ந்தது. கிளாஸைத் தள்ளி வைத்தேன். போய்விட்டது. கிட்டே கொண்டுவந்தேன், ஊசி. தள்ளினேன், இல்லை. கிட்டே. இருக்கிறது. வலி இப்படிக் கிளாஸ் கூடவே போய்க் கிளாஸ் கூடவே வராது. இது என்ன, இது, இது வெளியே இருக்கிற ஒன்று, எனக்குள் இல்லாத ஒன்று, வெளியிலிருந்து உள்ளே வருகிற ஒன்று, அதற்கு ஒரு பெயர் உண்டே, பெயர் வரமாட்டேன் என்கிறது, இத்தனை நாள் பெயர்களாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இப்போது பொருள் வந்து வாசலில் நிற்கிறது, பெயரைக் காணோம். கூர்மையானது. கண்ணோரத்தில் நீர் கட்டுகிறது. வெங்காயம் நறுக்கி, மிளகாயைக் கீறி, கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே ஊற்றுவோமே, ஊற்றியதும் வெங்காயம் இளஞ்சிவப்பாகுமே. காடி. காடி! ஒயின் இல்லை இது, ஒயின் புளித்துச் செத்துக் காடியாகிக் கிடக்கிறது. அதற்குள் என் வலது கால்மேல் இரண்டு அமுக்கு விழுந்தது, இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு, குதிகாலால் மிதித்தாள். எதிரே வேங்கடம் ஒரு மிடறு குடித்துவிட்டு முகமெல்லாம் கோணி எழுந்து ஜன்னலுக்கு ஓடினான். "த்தூ! இன்னா கருமம்டா இது!" வைதேகி சாக்ஸை உருவிப் பாட்டிலைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. "அப்பா, இது ஏற்கெனவே திறந்த பாட்டில்!"

வேங்கடம் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான், திருடன் மாதிரி. "தாத்தாவுக்குப் படைச்சதும்மா." "எப்போ?" "ஆடி அமாவாசைக்கி." குமுதா வடைத்தட்டோடு வாசலில் வந்து நின்றாள். "ஆடி அமாவாசைக்கித் தொறந்த பாட்டிலா? வெளக்குப் பக்கத்துல, வெயில் படுற ஜன்னல்ல, மிச்சக் கோடையெல்லாம் நின்னுதே, அதையா அண்ணனுக்கு ஊத்துன?" "அப்பாவுக்கு வச்சத எப்பிடிடீ கீழ ஊத்துறது? அதே ஒயின்தான் கடையிலயும் இருந்திச்சி, ஊட்ல பாதி இருக்க இன்னொண்ணு எதுக்கு வாங்கணும்னு..." அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, மன்னிச்சிருண்ணே." சுவரில் அவன் அப்பா ரத்தினவேலு, பிரெஞ்சுப் பட்டாளத்துத் தொப்பியும் மீசையுமாக, மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இந்த ஊருக்கு வந்திறங்கியபோது ஸ்டேஷனுக்கு வந்திருந்தவர் அவர்தான், என்னை அவருக்கு அதற்கு முன்னால் தெரியாது, பாண்டிச்சேரிப் பையன் ஒருத்தன் வருகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், வந்துவிட்டார். பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் எவர்சில்வர் டம்ளரில் சிவப்பாக ஒன்றை ஊற்றி, "போர்வ வாங்குற வரைக்கும் இதான் போர்வ, குடிடா" என்றார். அடுத்தவர் வீட்டு டம்ளர், வாய் வைக்கலாமா, அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன், பாதி வாயில், பாதி சட்டையில். அவர் சிரிக்கவில்லை. தானும் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றி, வேண்டுமென்றே தன் வெள்ளைச் சட்டையிலும் கொஞ்சம் சிந்திக்கொண்டார். ஐயா, நல்லா இருக்கிறீர்களா. உங்கள் பங்கை நான் குடிக்கப் பார்த்தேன், மன்னிக்கவேண்டும்.

"அண்ணே கோவமா இருக்காரு" என்கிறான் வேங்கடம் மெல்ல. நான் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "பெரியப்பா, அதக் குடுங்க, கொட்டிடலாம்." "தொடாத." குரல் என்னுடையதுபோல இல்லை. வைதேகி கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்போ எதுதான் வாங்கறது?" "ரெண்டாவது." "நிச்சயமாவா? அவரு அப்பாவுக்குப் புடிக்குமா?" அவள் கண்ணில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை, இந்தப் பெண் உண்மையிலேயே பயந்திருக்கிறாள், அவளுக்கு ஒரு சரியான பதில் வேண்டும், என் சரக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பதில் இல்லை. "கேளு" என்றேன். "எனக்குக் குளிர்காலத்துக் காய்ச்சல்லேருந்து மூக்கு இல்ல. ஒரு வாசனையும் தெரியல. சோறு, சோப்பு, ஒயினு, எதுவுமே. இன்னிக்கி உனக்கு ஒயின் பாத்தது நான் இல்ல, உங்க பெரியம்மா காலு. நல்லாருந்தா ஒரு மிதி, நல்லால்லன்னா ரெண்டு மிதி. ரெண்டாவது ஒயினுக்கு அவ மொகத்த நான் பாத்தேன், அதனால சொல்றேன். இந்த அஞ்சாவது, உங்க தாத்தாவோடது, இதுதான் எனக்கு இத்தினி மாசத்துல மொதல்மொதலா மூக்குல ஏறுன வாசன. காடி. நல்லா அழுகுன காடி. எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா."

எல்லோரும் குனிந்து பிலோமியின் காலைப் பார்த்தார்கள். பிறகு வேங்கடம் தொடையில் அறைந்துகொண்டான், வைதேகி சோபாவில் சாய்ந்தாள், குமுதா தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்தாள், ஒரு வடை உருண்டு கீழே விழுந்தது. "கால்ல மோந்து பாக்குற ஒயினு!" வேங்கடத்துக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, இதுக்கு அந்தக் காக்கா கதையாவது நம்புற மாதிரி இருந்திச்சிண்ணே!" "பெரியப்பா, இதக் கல்யாணத்துல சொல்லணும்" என்றாள் வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மைக் குடுக்கறேன், அவங்க அப்பா பக்கத்துல நின்னு சொல்லணும், நான் பிரெஞ்சுல சொல்றேன்." பயம் போய்விட்டது முகத்திலிருந்து. சரி, சரி, எப்படியோ போயிற்று. ரெண்டாவதைப் பெட்டிக்கணக்கில் எடுத்துவிடலாம் என்று வேங்கடம் குமுதாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவள் கீழே விழுந்த வடையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பிலோமி சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள், சாம்பாருக்கு அப்புறம் என்னை அவள் இப்படிப் பார்த்ததில்லை, இந்த ஆள் சொல்வதில் எது பொய் எது நிஜம் என்று நாற்பது வருஷமாகப் பிரித்தெடுத்தவள், இப்போது பிரிக்க முடியாமல் தவிக்கிறாள். "நெசமாவா?" "ம்." "என் தலையில கைய வச்சிச் சொல்லு." வைத்தேன். எண்ணெய் பிசுபிசுத்தது, கையை மூக்குக்குக் கொண்டுபோனேன், இல்லை, அது இன்னும் வரவில்லை, காற்றுதான். அவள் அதையும் பார்த்துவிட்டாள். "பரவால்ல" என்றாள், "ஒண்ணு வந்திருக்குதில்ல" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஒன்று வந்திருக்கிறது. பாதிப் பாட்டில் காடி, செத்துப்போன ஒரு பட்டாளக்காரருடையது, அவருக்கு நன்றி, அவர் மகனுக்கு நன்றி, ஒயினுக்கு வீணாகப்போகத் தெரிந்ததற்கு நன்றி. கனவாக இருந்தால் என்ன செய்வது, ஊசி குத்தியதை வாசனை என்று கிழவன் எண்ணிக்கொண்டானோ, கிளாஸைத் தள்ளி வைக்கிறேன், போய்விட்டது, ஒன்றுமில்லை, அறை முழுக்க வெறும் சத்தம், பிலோமி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், கிட்டே கொண்டுவருகிறேன், மெதுவாக இழுக்கிறேன். இருக்கிறது.